ஒற்றை உறைக்குள் பல ஒலிகள்

வீட்டின் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றுவோர், மைக்கையும் ஸ்பீக்கரையும் மென்பொருளையும் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் சிறு பங்கைக்கூட அவற்றை இணைக்கும் கேபிள்களுக்கு ஒதுக்குவதில்லை. தேவை எழும்போதெல்லாம் கடையில் கிடைக்கும் நீளத்தில் ஒன்றிரண்டு வாங்கிச் சேர்ப்பதே வழக்கமாக இருப்பதால், ஓரிரு ஆண்டுகளில் மேசைக்கு அடியிலும் சுவரோரத்திலும் எது எங்கே போகிறது என்று உரியவருக்கே விளங்காத நிலை வந்துவிடுகிறது. இதை வெறும் அழகுக் குறையாகக் கருதிவிட முடியாது. பழுதான இணைப்பைத் தேடுவதில் பாதி நாள் கழிவதும், மின்கம்பியோடு பின்னிக் கிடக்கும் மைக் கேபிளில் இரைச்சல் ஏறுவதும், பாடுபவர் கால் தடுக்கி மைக் ஸ்டாண்டு சாய்வதும் இதன் நேரடி விளைவுகளே. கேபிள்களை மறைத்து வைக்கும் தட்டுகளும் உறைகளும் சந்தையில் ஏராளமாக இருப்பினும், மறைப்பதால் எண்ணிக்கை குறைந்துவிடாது. எண்ணிக்கை குறைய வேண்டுமானால், எந்தெந்தச் சிக்னல்களை ஒரே உறைக்குள் சேர்த்துக் கொண்டுபோகலாம், எவற்றைத் தனித்தே விட வேண்டும், எவற்றுக்குக் கேபிளே தேவையில்லை என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

இப்பிரிவினைக்கு அடிப்படை சிக்னலின் வலிமை. டைனமிக் வகை மைக் ஒன்றின் முன் ஒருவர் இயல்பாகப் பேசும்போது அது தரும் மின்னழுத்தம் ஓரிரு மில்லிவோல்ட் அளவே இருக்கும். அதைப் பதிவுக்கு உரிய அளவுக்கு உயர்த்த, முன்பெருக்கி எனப்படும் பிரீ-ஆம்ப் சில வேளைகளில் 60 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு, பெருக்க வேண்டியிருப்பதால், வழியில் கேபிளில் ஒட்டிக்கொண்ட இரைச்சலும் அதே ஆயிரம் மடங்கு பெருகி வந்து சேர்கிறது. முன்பெருக்கியைக் கடந்த பின் சிக்னல் ‘லைன்’ நிலையை அடைகிறது. தொழில்முறைக் கருவிகளில் இதன் வழக்கமான அளவு சுமார் 1.23 வோல்ட், வீட்டு உபயோகக் கருவிகளில் சுமார் 0.32 வோல்ட். அதற்கும் மேலே, பெருக்கியிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்லும் சிக்னல் பல வோல்ட்டும் ஆம்பியர் கணக்கும் கொண்டது. வலிமை மிக்கதும் மெலிந்ததும் ஒரே உறைக்குள் நெருங்கி நெடுந்தொலைவு சென்றால், வலியதன் நிழல் மெலிந்ததன்மேல் விழும். பெருக்கம் மிகுதியாக வைக்கப்பட்டிருக்கும்போது வெளியீடு மீண்டும் உள்ளீட்டில் கசிந்து ஊளையிடவும் கூடும். ஆகவே மைக் சிக்னல்களை மைக் சிக்னல்களோடும், லைன் சிக்னல்களை லைன் சிக்னல்களோடும் சேர்ப்பது முதல் விதி. பெருக்கி உள்ளேயே அமைந்த ஸ்பீக்கர்கள் இன்று பரவலாகிவிட்டதால், ஸ்பீக்கர் கம்பி என்னும் மூன்றாவது வகை பெரும்பாலான வீட்டு அறைகளிலிருந்து ஏற்கெனவே மறைந்துவிட்டது.

ஒரே உறைக்குள் பல சிக்னல்களைச் சேர்ப்பதைச் சாத்தியமாக்குவது சமநிலை இணைப்பு என்னும் முறை. எளிய இணைப்பில் ஒரு கம்பியும் அதைச் சுற்றிய உலோக வலைக்காப்பும் மட்டுமே இருக்கும்; சிக்னல் கம்பியில் சென்று வலைக்காப்பின் வழியே திரும்புகிறது. சமநிலை இணைப்பிலோ, ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரு கம்பிகளும், அவற்றுக்கு வெளியே வலைக்காப்பும் உண்டு. அருகிலுள்ள மின்மாற்றியோ விளக்கோ உமிழும் இரைச்சல், முறுக்கிய இரு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஏறுகிறது. ஏற்கும் கருவி இரு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்வதால், இரண்டிலும் பொதுவாக உள்ள இரைச்சல் கழிந்துபோகிறது. இரு கம்பிகளில் எதிரெதிர் திசையில் சிக்னல் அனுப்புவதே இம்முறையின் உயிர் என்று பல கையேடுகள் எழுதுகின்றன. உண்மையில், இரு கம்பிகளும் தரையை நோக்கிக் காட்டும் மின்மறுப்பு, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு எதிரான தடை, சமமாக இருப்பதே இன்றியமையாதது. ஒரு கம்பியில் மட்டும் சிக்னலை அனுப்பி, மற்றதைச் சம மின்மறுப்போடு தரையிறக்கும் கருவிகளிலும் இரைச்சல் அதே அளவில் கழிகிறது.

சமநிலை இணைப்புக்கு உரிய முனைகள் இரண்டு. மூன்று ஊசிகள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். முனையை, லாஸ் ஏஞ்சலிஸில் அதை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரால் இன்றும் பலர் கேனன் என்றே அழைக்கின்றனர். இதில் முதல் ஊசி வலைக்காப்புக்கும், இரண்டாவதும் மூன்றாவதும் சிக்னலுக்கும் உரியவை. மற்றொன்று 6.35 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீரியோ ஜாக். தொலைபேசி இணைப்பகங்களின் பலகைகளுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த இதை, சென்னை ரிச்சி தெருக் கடைகளில் பி-38 என்று கேட்டால்தான் விரைவில் எடுத்துத் தருவார்கள். தண்டில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால் அது சமநிலை இணைப்புக்கு ஏற்ற ஸ்டீரியோ ஜாக். ஒன்றே இருந்தால் மோனோ.

கேபிள் குறைப்பின் வரலாற்றில் ஒரு பெரிய முன்னேற்றம் எக்ஸ்.எல்.ஆர். முனையின் மூன்று ஊசிகளுக்குள்ளேயே நிகழ்ந்தது. வெற்றிடக்குழாய் கொண்ட கண்டென்சர் மைக்குகளுக்குத் தனி மின்வழங்கிப் பெட்டியும் பல ஊசிகள் கொண்ட தடித்த கேபிளும் தேவைப்பட்டன. 1966-ல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம், நார்வே வானொலிக்காக, அங்கே ஏற்கெனவே இருந்த 48 வோல்ட் மின்வழங்கலைப் பயன்படுத்திக்கொள்ளும் டிரான்சிஸ்டர் மைக் ஒன்றை உருவாக்கியது. மைக்குக்கு வேண்டிய மின்சாரம் இரு சிக்னல் கம்பிகளிலும் சமமாகச் சென்று வலைக்காப்பின் வழியே திரும்புவதால், ஏற்கும் கருவியின் கண்ணுக்கு அது தெரிவதேயில்லை. ஃபேன்டம் பவர் எனப்படும் இம்முறை இன்று விலை குறைந்த ஆடியோ இன்டர்ஃபேஸ்களிலும் உண்டு. வலைக்காப்பு இங்கே இரைச்சலைத் தடுப்பதோடு மின்சாரம் திரும்பும் பாதையாகவும் இருப்பது, பின்னால் வரும் ஒரு தேர்வைத் தீர்மானிக்கிறது.

நேரடியாகச் சமநிலை இணைப்பில் சேராதவை இசைக்கருவிகளின் பிக்கப்கள். மின்கிதாரின் காந்தப் பிக்கப்புக்கு மின்மறுப்பு மிகுதி. கேபிளின் ஒவ்வொரு மீட்டரும் ஏறத்தாழ நூறு பிகோஃபேரட் மின்தேக்குத்திறனைச் சேர்ப்பதால், நீளம் கூடக்கூட உச்ச ஒலிகளின் பளபளப்பு மங்குகிறது. வீணையின் மேல் ஒட்டப்படும் பீசோ பிக்கப் வேறுவிதமாக நடந்துகொள்கிறது; அதற்கு நீண்ட கேபிளால் ஒலியின் அளவு மட்டுமே குறையும், ஆனால் மின்மறுப்புக் குறைந்த உள்ளீட்டில் அதைச் செருகினால் மந்தர ஸ்தாயியே மெலிந்துவிடும். இவ்விரண்டுக்கும் தீர்வு ஒன்றே: கருவிக்கு அருகிலேயே டி.ஐ. பெட்டி எனப்படும் சிறு மாற்றியை வைத்து, அங்கிருந்து சிக்னலைச் சமநிலையாக்கி அனுப்புவது. பீசோவுக்கு ஒரு மெகா ஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீட்டு மின்மறுப்புக் கொண்ட, மின்சுற்று உள்ள வகையே பொருந்தும். அவ்வாறு மாற்றிவிட்டால் அதுவும் மைக் சிக்னல்களோடு ஒரே உறையில் பயணம் செய்யத் தகுதி பெறுகிறது.

பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றில் வாய்ப்பாட்டுக்கு ஒரு மைக், மிருதங்கத்தின் இரு பக்கங்களுக்கு இரண்டு, வீணைக்கு ஒன்று என நான்கு மைக்குகளும், இரு ஹெட்போன்களும், இரு ஸ்பீக்கர்களும், ஸ்டீரியோ வெளியீடு கொண்ட ஒரு கீபோர்டும் இருப்பதாகக் கொண்டால், ஒலிக்கு மட்டும் பத்துக் கேபிள்கள் தேவை. கீபோர்டின் மிடி கேபிளும், இன்டர்ஃபேஸைக் கணினியோடு சேர்க்கும் யு.எஸ்.பி. கேபிளும் சேர்ந்தால் பன்னிரண்டு. இவற்றுள் மைக்குகளும் ஹெட்போன்களுமாகிய ஆறும் தரையைக் குறுக்காகக் கடப்பவை என்பதால், குறைப்பு அங்கிருந்தே தொடங்குவது பயன் தரும்.

ஸ்னேக் என்று தொழிலில் வழங்கும் பல்வழிக் கேபிள் இதற்கான மரபான விடை. தனித்தனி வலைக்காப்புக் கொண்ட எட்டு இணைக் கம்பிகளை ஒரே வெளியுறைக்குள் அடக்கி, ஒரு முனையில் பெட்டியும் மறுமுனையில் எட்டு முனைகளும் பொருத்தியது அது. பின்பக்கத்தில் 25 ஊசி கொண்ட ஒற்றை இணைப்பான் உள்ள கருவிகளோடு சேர்க்கும்போது எட்டு முனைகளும்கூட ஒன்றாகச் சுருங்கிவிடும். எட்டு வழிகளுக்கு மூன்று மூன்றாக 24 ஊசிகள் போக ஒன்று வெறுமனே நிற்கிறது. இதை வாங்குமுன் ஊசி வரிசையைச் சரிபார்க்க வேண்டும். டாஸ்கம் வரிசை 2012-ல் ஒலிப்பொறியியல் கழகத்தின் தரமாக ஏற்கப்பட்டுவிட்ட போதிலும், யமஹா வரிசையில் அமைந்த கருவிகளும் புழக்கத்தில் உள்ளன. தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மரபான ஸ்னேக்கின் குறை அதன் தடிமனும் விறைப்பும். மேடைக்காகச் செய்யப்பட்ட அக்கேபிள் சிறிய அறையின் மூலையில் வளைய மறுத்துச் சுவரைவிட்டு விலகி நிற்கும்.

அதனினும் பொருத்தமான ஒன்று கணினி வலையமைப்புக் கடைகளில் கிடைக்கிறது. கேட்-5இ, கேட்-6 என்ற பெயர்களில் விற்கும் கேபிளுக்குள் நான்கு முறுக்கிய இணைகள் உள்ளன. சமநிலை ஒலிக்கு வேண்டியது முறுக்கிய இணையே என்பதால், ஒரு கேபிள் நான்கு மைக் சிக்னல்களைச் சுமக்கும். மெகாஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்களில் இணைக்கு இணை கசிவு வராதபடி நுணுக்கமாக முறுக்கப்பட்ட கேபிளுக்கு, 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாத ஒலி பெரிய சோதனை அன்று. இணையின் மின்தேக்குத்திறனும் மீட்டருக்குச் சுமார் 50 பிகோஃபேரட்தான். வானொலி நிலையங்கள் பல ஆண்டுகளாகவே ஒலியை இப்படி அனுப்பிவருகின்றன. நான்கு கேனன் முனைகளை ஒரு வலையமைப்பு முனையோடு இணைக்கும் சிறு பெட்டிகள் ஆயத்தமாகவே விற்பனைக்கு உண்டு.

இங்கே தேர்வில் பிழை நேரக்கூடிய இடங்கள் சில உள்ளன. மலிவாகக் கிடைக்கும் வலைக்காப்பற்ற கேட் கேபிளில் ஃபேன்டம் பவர் திரும்பிச் செல்லப் பாதை இல்லாததால் கண்டென்சர் மைக் இயங்காது. வலைக்காப்பு உள்ள வகையும், அவ்வலைக்காப்பு பெட்டியின் உலோகத்தோடு தொடர்புகொள்ளும் உலோகத் தலை கொண்ட முனையும் கட்டாயம். சுவரில் நிலையாகப் பதிப்பதற்குத் திண்மக் கம்பி வகையும், அடிக்கடி சுருட்டி எடுப்பதற்குப் பல மென்னிழைகள் கொண்ட வகையும் ஏற்றவை. முன்னதை நாள்தோறும் சுருட்டினால் உள்ளே கம்பி முறியும். ஒலி சுமக்கும் கேபிளை யாரேனும் அறியாமல் வலையமைப்புச் சுவிட்சில் செருகிவிடாதபடி, வீட்டில் இணையத்துக்குப் பயன்படும் நிறத்திலிருந்து மாறுபட்ட நிறத்தில் வாங்குவது அறிவுடைமை.

மேற்கண்ட அறையில் நான்கு மைக்குகள் இப்படி ஒரே கேபிளில் அடங்கும். சிறிய ஹெட்போன் பெருக்கியை வாசிப்போர் பக்கத்திலேயே வைத்து, அதற்கு லைன் நிலையில் ஸ்டீரியோ சிக்னலை இன்னொரு கேட் கேபிளில் அனுப்பினால், ஹெட்போன் கம்பிகள் தரையைக் கடக்க வேண்டியதில்லை. பெருக்கிக்கு ஒரு மின்கம்பி கூடுதலாகும் என்பது இதன் விலை. கீபோர்டின் ஒலி கணினியிலுள்ள மென்பொருளிலிருந்தே எடுக்கப்படுவதானால், அதன் இரு ஒலிக் கேபிள்களுக்கும் மிடி கேபிளுக்கும் பதிலாக ஒற்றை யு.எஸ்.பி. போதும். பன்னிரண்டு ஆறாகிறது, அறையைக் குறுக்காகக் கடப்பவை ஆறிலிருந்து இரண்டாகின்றன.

சிக்னலை டிஜிட்டலாக மாற்றும் இடத்தை நகர்த்துவது மற்றொரு வழி. 1991-ல் அலேசிஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏடாட் என்னும் எட்டுத் தடப் பதிவுக்கருவி இன்று வழக்கொழிந்துவிட்டாலும், அதற்காக வகுக்கப்பட்ட ஒளிவழி இணைப்பு முறை நிலைத்துவிட்டது. 1983-ல் தோஷிபா உருவாக்கிய டாஸ்லிங்க் வகை ஒளியிழை ஒன்றில், நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வீதத்தில் எட்டு ஒலிகள் ஒரே திசையில் செல்கின்றன. எட்டு மைக் உள்ளீடுகள் கொண்ட முன்பெருக்கியை வாசிக்கும் இடத்தில் வைத்துவிட்டால், பதிவு மேசைக்கு வருவது பென்சிலைவிட மெலிந்த ஓர் இழை மட்டுமே. அதில் உலோகம் இல்லாததால் இரு கருவிகளின் எர்த்துகளுக்கிடையே உருவாகும் உறுமலும் அதன்வழி கடப்பதில்லை. ஆயினும் மாதிரி வீதத்தை 96,000 ஆக உயர்த்தினால் எட்டு நான்காகக் குறையும்; இரு கருவிகளுள் ஒன்றின் கடிகாரத் துடிப்பை மற்றது பின்பற்றுமாறு அமைக்காவிட்டால் இடையிடையே சொடுக்கொலி கேட்கும்; பிளாஸ்டிக் இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி கசிந்து இணைப்பு அறும்; ஒவ்வொரு முறையும் அளவைத் திருத்த எழுந்து அக்கருவிக்கருகே நடக்கவும் வேண்டும். தனியொருவரே பாடி, வாசித்து, பதிவும் செய்யும் வீட்டில் அக்கருவி அருகிலேயே இருப்பது ஒரு வசதியாகவே அமைந்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சேர்ந்த ஆடினேட் நிறுவனத்தின் டான்டே போன்ற முறைகள் வலையமைப்புக் கேபிள் ஒன்றில் இரு திசைகளிலும் பல பத்து ஒலிகளை 100 மீட்டர் வரை கொண்டுசெல்கின்றன. அரங்குகளிலும் கல்லூரிகளிலும் அவற்றின் பயன் பெரிது. ஒரே அறைக்கு அவை வேண்டாத செலவு. ப்ளூடூத் வழிக் கம்பியில்லா இணைப்போ, வழக்கமாக நூறு மில்லிநொடிக்கும் மேலான தாமதத்தை உண்டாக்குவதால், பாடும்போதே தம் குரலைக் கேட்க வேண்டிய பாடகருக்கு உதவாது.

கேபிள்களைச் சேர்த்துக் கட்டும் ஆர்வத்தில் பலர் செய்யும் பிழை, மின்கம்பிகளையும் ஒலிக் கேபிள்களையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுவது. இந்திய மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அருகருகே நெடுந்தொலைவு செல்லும் கேபிள்களில் அந்த உறுமலும் அதன் மடங்குகளும் ஏறக்கூடும். மேசையின் ஒரு பக்கம் மின்சாரமும் மறுபக்கம் ஒலியுமாகப் பிரித்து, இடையே ஓர் அடியாவது இடைவெளி விட்டு, கடந்தே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கச் செய்வது போதிய பாதுகாப்பு. வீட்டு மின்வேலைக்குப் பயன்படும் கேசிங்-கேப்பிங் பட்டிகளை ஒலிக்கெனத் தனியாக ஒரு வரிசை பதிப்பது மலிவான தீர்வு. நம் வீடுகளுக்கே உரிய இரைச்சல் மூலம் மின்னணு விசிறி ரெகுலேட்டர். மின்னலையை நொடிக்கு நூறு முறை வெட்டி வேகத்தைக் குறைக்கும் வகையானால், அது உண்டாக்கும் இரைச்சலை எந்தக் கேபிளும் முழுதாகத் தடுக்காது. பதிவின்போது விசிறியை நிறுத்துவதே வழி. சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டர்களுக்கும் இது பொருந்தும்.

உறுமலுக்கு இன்னொரு காரணம், வெவ்வேறு பிளக் பாயின்ட்டுகளிலிருந்து மின்சாரம் பெறும் இரு கருவிகள் ஒலிக் கேபிளின் வலைக்காப்பு வழியாகவும் எர்த் வழியாகவும் இருமுறை இணைந்து ஒரு வளையத்தை உருவாக்குவது. ஒலிக்கருவிகள் அனைத்துக்கும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து, தரமான ஒற்றைப் பலகை மூலம், மின்சாரம் தந்தால் இவ்வளையம் சிறுத்துவிடும். தரையில் கிடக்கும் நீட்டிப்புக் கம்பிகளும் குறையும். மூன்று ஊசிப் பிளக்கின் எர்த் ஊசியை நீக்கி உறுமலைப் போக்கும் பழக்கம் உயிருக்கு ஆபத்தானது. அதே பயனை டி.ஐ. பெட்டியோ, ஒலிக்கான தனிமைப்படுத்தும் மின்மாற்றியோ தீங்கின்றித் தரும்.

நீளம் பெரும்பாலோர் கருதுவதைவிட முக்கியமானது. கடைகளில் கேபிள்கள் மூன்று, ஐந்து, பத்து மீட்டர் எனக் குறிப்பிட்ட அளவுகளில் விற்பதால், ஒன்றரை மீட்டர் தேவைப்படும் இடத்தில் மூன்று மீட்டர் வந்து சேர்ந்து, எஞ்சியது மேசைக்கடியில் சுருளாகக் கிடக்கிறது. சுருளை மீட்டர் கணக்கில் வாங்கி, முனைகளைத் தனியே வாங்கி, சாலிடரிங் அயர்னால் தேவையான நீளத்துக்குச் செய்துகொள்வது ஒரு வார இறுதி வேலை. ஸ்பீக்கர்களைப் போல இடம் மாறாத கருவிகளுக்கு இதைப் போல் பயன் தருவது வேறில்லை. கருவியை வெளியே இழுத்துப் பின்பக்கம் பார்க்கும் அளவுக்கு ஓரடி கூடுதலாக விட வேண்டும். வெள்ளி பூசியது, ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்றெல்லாம் பன்மடங்கு விலையில் விற்கும் கேபிள்களுக்கு, சில மீட்டர் நீளமே உள்ள சமநிலை இணைப்பில் காதுக்குத் தெரியும் பயன் இல்லை. அப்பணத்தை உறுதியான முனைகளுக்குச் செலவிடலாம், ஏனெனில் கேபிள்கள் பெரும்பாலும் பழுதாவது முனையை ஒட்டிய இடத்தில்தான்.

கட்டுவதற்கு ஒருமுறை இறுக்கினால் அவிழாத பிளாஸ்டிக் பட்டைகளைவிட, ஒட்டிப் பிரிக்கும் துணிப்பட்டைகள் நல்லவை. முன்னவை உறையை நெரித்து உள்ளிருக்கும் இணையின் வடிவத்தையே சிதைக்கும். ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை ஒட்டி, அவ்வெண் எதற்குரியது என்பதைத் தாளில் எழுதி மேசையின் உட்புறம் ஒட்டிவிட்டால், கருவி மாறும்போது எண்ணை மாற்றாமல் தாளை மட்டும் திருத்தலாம். இணைப்புகளை அடிக்கடி மாற்றுவோர் எல்லாக் கருவிகளின் முனைகளையும் முன்னால் கொண்டுவரும் பேட்ச் பே பலகையை நாடலாம்; ஆனால் எட்டு உள்ளீடுகளுக்குக் குறைந்த அறையில் அது எண்ணிக்கையைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். பதிக்கும் கேட் கேபிளோடு இணையாக இன்னொன்றையும் அதே பட்டியில் இழுத்து, இரு முனைகளையும் மூடி வைத்துவிடுவது, அடுத்த ஆண்டு வயலினோ கடமோ சேரும்போது சுவரை மீண்டும் துளைக்கும் வேலையை மிச்சப்படுத்தும்.